அப்சலோமின் பேத்தி

பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஐந்து வயதுப் பையனை 'மருமகன்' என்று எழுதியிருந்தால் சிரிக்கக் கூடாது. நூலகத்துக்கு வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது அதுதான். மனைவி தன் முதல் கணவருக்குப் பெற்ற பிள்ளையையும் அன்று அந்தச் சொல்லால்தான் குறித்தார்கள். நாற்பத்தெட்டு வயதுக்காரிக்குக் கைக்குழந்தை இருப்பதாகப் போட்டிருந்தால், அதே வீட்டில் கல்யாணமாகாத பெரிய மகள் இருக்கிறாளா என்று பார்க்க வேண்டும். தாள் பொய் சொல்லாது. கதவைத் திறந்தவர் சொன்னதைச் சொல்லும், அவ்வளவுதான்.

விவரமாகச் சொல்லச் சொன்னீர்கள். அதனால்தான் இதிலிருந்து தொடங்குகிறேன்.

ஹெட்லி கிரீன்வுட் தொண்ணூற்றிரண்டில் வந்தார். நூறு வருடம் பூட்டிவைத்திருந்த 1891 கணக்கெடுப்பை எல்லோரும் பார்க்கலாம் என்று திறந்துவிட்ட வருடம் அது. சாயப்பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எழுபத்தொரு வயது, கல்யாணம் ஆகாதவர், இரண்டு கண்ணிலும் புரை. அந்தத் தாள்களைப் படமெடுத்த படச்சுருளைத் திரையுள்ள இயந்திரத்தில் மாட்டினால் அவருக்கு வெறும் சாம்பல் நிறம்தான் தெரியும். நான்தான் வாசித்துச் சொல்ல வேண்டியிருந்தது.

"ஏம்மா எனிட், எங்க தாத்தா பேரு அப்சலோம். அந்தப் பேர்ல ஊர்ல எத்தன கிரீன்வுட் இருந்துடப் போறாங்க?"

"ஏழு பேர் இருக்காங்க," என்றேன்.

எங்கள் பள்ளத்தாக்கில் கல்லெறிந்தால் ஏதாவது ஒரு கிரீன்வுட் தலையில்தான் விழும். வியாழக்கிழமைதோறும் வந்தார். ஒவ்வொரு அப்சலோமாகக் கழித்துக்கொண்டே வந்து, கடைசியில் சரியான வீட்டைப் பிடித்தோம். ஏனோக், மகன், வயது நான்கு.

"எங்கப்பாவுக்கு நாலு வயசா?" திரையைத் தடவிப் பார்த்தார். "எனக்குத் தெரிஞ்சு அந்த மனுஷனுக்கு எப்பவும் நாப்பது வயசும்மா."

அதற்குப் பிறகுதான் தங்கையைப் பற்றிச் சொன்னார். அம்மா இறந்ததும் அப்பாவால் இரண்டு பிள்ளைகளையும் வைத்துக் காப்பாற்ற முடியவில்லை. ஒரு தம்பதி காரில் வந்து நான்கு வயது ஐவியைக் கூட்டிக்கொண்டு போனார்கள். இவருக்கு அப்போது ஏழு வயது.

"அவ கைய விடாதடான்னு அப்பா சொல்லியிருந்தாரு. அந்த ஆளு டாஃபி நீட்டினாரு. வாங்குறதுக்குக் கைய விட்டேன். அவ்வளவுதாம்மா."

மழையைப் பற்றிப் பேசுகிற குரலில் சொன்னார். அப்படிச் சொல்வதற்கு எத்தனை வருடம் பழகியிருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அது நடந்தது 1928இல். அடுத்த கணக்கெடுப்பின் தாள்கள் போர்க்காலத்தில் தீப்பிடித்து எரிந்துபோயின. அந்தப் பெண் எந்த வீட்டில், யாருக்கு மகளாக இருந்தாள் என்று சொல்ல ஒரு தாளும் மிஞ்சவில்லை. தேடுவதற்கு வேறு வழிகள் இருந்தன. எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது.

தொண்ணூற்றொன்றில் என் வீட்டுக்கும் கணக்கெடுப்புப் படிவம் வந்தது. குடும்பத் தலைவர், எனிட் ஹார்கிரீவ்ஸ். அதற்குக் கீழே எழுத ஆளில்லை. நூறு வருடம் கழித்து யாராவது என்னைத் தேடினால் அந்த ஒரு வரிதான் கிடைக்கும். யார் தேடப்போகிறார்கள் என்பது வேறு விஷயம்.

தேவாலயத்துக் கல்லறைத் தோட்டத்தில் ஒரு சின்னக் கல் இருக்கிறது. ஐவி கிரீன்வுட், 1930, ஆறு வயது. ஹெட்லியைக் கூட்டிக்கொண்டு போய்க் கல்லின் முன் நிறுத்தி வாசித்துக் காட்டினேன். என் தோளில் சாய்ந்து அழுதார். அதற்கு முன் யாரும் என் தோளில் சாய்ந்ததில்லை. அப்படி ஒரு கனம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

வியாழக்கிழமையோடு ஞாயிற்றுக்கிழமையும் சேர்ந்துகொண்டது. கல்லறைக்குப் போவோம். பூ வைப்பார். பிறகு என் வீட்டில் டீ. "இந்த இஞ்சி கேக்க வெச்சு மில்லுக்குச் சுவரே கட்டலாம் போலிருக்கே," என்பார். இரண்டு துண்டு தின்பார்.

அடுத்த ஏப்ரலில், ஒரு செவ்வாய்க்கிழமை, நீங்கள் வந்தீர்கள்.

"பர்ன்லியிலேருந்து வர்றேங்க. பேரு ஐவி டாட்ஸ்வொர்த். வளத்த அம்மா சாகுறப்பத்தான் என் சொந்தக் குடும்பப் பேரச் சொன்னாங்க. கிரீன்வுட்டாம். தாத்தா அப்சலோமாம். சிரிக்காதீங்க."

நான் சிரிக்கவில்லை. அந்தப் படச்சுருள் எந்த இழுப்பறையில் இருக்கிறது என்று எனக்குப் பார்க்காமலே தெரியும். உங்களையும் உட்காரவைத்து அதே வீட்டைக் காட்டினேன். ஏனோக், வயது நான்கு. நீங்களும் திரையைத் தொட்டீர்கள், அவர் தொட்ட அதே இடத்தில்.

"எனக்கு ஒரு அண்ணன் இருந்தான். கார்ல ஏத்துறப்ப நான் கத்தினேன். அவன் கையிலிருந்த டாஃபிய என் வாயில வெச்சான். அதத் தின்னுக்கிட்டே அழாமப் போயிட்டேன். அவன் மொகம் ஞாபகமில்ல. அந்த இனிப்பு மட்டும் இன்னும் இருக்கு."

அறுபத்தைந்து வருடமாக அவர் சுமந்ததை இறக்கிவைக்க அந்த வார்த்தைகள் போதும். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே ஒரு புதன்தான் இருக்கிறது. நான் யோசிக்காமல் இல்லை. உங்களுக்கு மூன்று பிள்ளைகள், எட்டுப் பேரக்குழந்தைகள் என்று நீங்களே சொன்னீர்கள். சந்தித்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை அவர் மேட்டைத் தாண்டிப் பர்ன்லிக்குப் பஸ் ஏறிவிடுவார். இருக்கிறவர்களுக்கே இன்னும் கொடுப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

போர் நினைவுத் தூணில் ஒரு ஹெட்லி கிரீன்வுட்டின் பெயர் இருக்கிறது. அதுதான் உங்கள் அண்ணன் என்று காட்டினேன். நீங்கள் தண்ணீர் கேட்டீர்கள். குடித்துவிட்டு எனக்கு நன்றி சொன்னீர்கள். அந்தக் கிறிஸ்துமஸுக்கு ஆரஞ்சு ஜாம் அனுப்பினீர்கள். அவருக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

ஆறு வருடம். இந்தப் பிப்ரவரியில் நுரையீரலில் சளி கட்டி இறந்தார். தான் கேட்டுக்கொண்டபடி அந்தச் சின்னக் கல்லுக்குப் பக்கத்திலேயே படுத்திருக்கிறார். பத்திரிகை அறிவிப்பை நான்தான் எழுதினேன். 'அப்சலோம் கிரீன்வுட்டின் பேரன், ஏனோக்கின் மகன், காலஞ்சென்ற ஐவியின் அண்ணன்.' உறவுகளை விடாமல் எழுதுவது என் பழக்கம். அதைப் பார்த்துத்தான் நீங்கள் வந்திருக்கிறீர்கள்.

கல்லைப் பார்த்துவிட்டுத்தான் இங்கே வந்ததாகச் சொன்னீர்கள். அதில் கீழே இன்னொரு வரி இருப்பதையும் சொன்னீர்கள். 'ஜேம்ஸ், மார்த்தா தம்பதியின் மகள்.' ஆமாம், அது வேறு வீட்டுக் குழந்தை. முதல் நாளே படித்தேன். அவருக்கு அந்த வரியை வாசித்துக் காட்டவில்லை. பெயர் ஒன்றாயிருந்ததால் ஏமாந்துவிட்டேன் என்றுதான் உங்களிடம் சொல்ல இருந்தேன். ஆனால் இத்தனை வருடம் இந்த வேலை செய்துவிட்டு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் கடைசி மத்தியானம் அவருக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை. "ஐவி, ஐவி" என்று கையைத் துழாவினார். நான் பிடித்துக்கொண்டேன். "இங்கதான் இருக்கேன் அண்ணா," என்றேன். அதற்குப் பிறகு அவர் யாரையும் கூப்பிடவில்லை.

நீங்கள் அழுவது எனக்குப் புரிகிறது. ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நம் குடும்பத்தில் கடைசிவரை அவர் பக்கத்தில் இருந்தது நான் ஒருத்திதான்.