உடைவதற்காக ஒட்டிய கண்ணாடி

மணிக்கூண்டின் மேற்பார்வையாளராக முப்பத்தோர் ஆண்டுகள் பணியாற்றி, இன்று ஓய்வு பெறும் அம்மையாருக்குப் பராமரிப்பு அலுவலகத்தார் வாசித்தளிக்கும் மடல்

சுவரின் சொல் கேட்கும் செவியுடைய அம்மையே!

தாங்கள் பொறுப்பேற்றபோது மணிக்கூண்டின் கல் வெளிர்மஞ்சளாக இருந்ததைப் பழைய படத்தில்தான் பார்த்திருக்கிறோம். நாங்கள் அறிந்தது புகை குடித்த கறுப்பை. பக்கத்து ஆலை ஆழ்துளைக் கிணறுகளால் நீரை உறிஞ்ச உறிஞ்ச, அடிமண் அமுங்கி மேற்குச் சுவர் பிளந்தது. விரிசலின் குறுக்கே விரல்நீளக் கண்ணாடித் துண்டுகளை ஒட்டி, தேதியெழுதி, மாதந்தோறும் பார்த்தீர்கள். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும். முதுகுக்குப் பின்னால் தங்களை "விரிசலம்மா" என்றவர்கள் நாங்களே.

பழி சுமந்தும் பணி மறவாத பண்பே!

புகழை மட்டும் பாடினால் இம்மடல் பொய்யாகிவிடும். ஆறாண்டுக்கு முன், மேலதிகாரி பார்வையிட வந்த காலையில், உடைந்திருந்த மூன்று துண்டுகளைப் பெயர்த்தெறிந்து, புதியவற்றில் பழைய தேதியையே எழுதி ஒட்டினோம். தாங்கள் வந்ததும் கண்டுகொண்டீர்கள்.

"யாருய்யா இத மாத்துனது?"

"நாந்தாம்மா," என்றார் நம் அலுவலகப் பெயின்டர். "ஒடஞ்சு அசிங்கமா இருந்துச்சு. பெரிய ஆபீசர் வர்ற நேரத்துல..."

"ஒடையட்டும்னுதானேய்யா ஒட்டுனேன்! கீழ பஸ்ஸுக்கு நிக்கிற சனத்து தலையில கல்லு விழுந்தா மட்டும் அழகா இருக்குமா?"

சுவர் உறுதியென்று அதிகாரி கையெழுத்திடப் பேனாவைத் திறந்திருந்தார். குப்பைத்தொட்டியிலிருந்து பொறுக்கிய சில்லுகளை அவர்முன் வைத்து, "சுவரு நகருதுங்க. மறைச்சது எங்க ஆபீஸ். எம்பேர்ல எழுதிக்குங்க," என்றீர்கள். அன்று மாலையே பேருந்து நிறுத்தம் எதிர்ப்பக்கம் மாறியது. ஒன்பதாம் வாரம், மழையில், பயணிகள் முன்பு நின்ற இடத்தில் ஆளுயரக் கல் விழுந்தது. அங்கே ஒருவரும் இல்லை.

அவ்வாண்டு தங்கள் பதவி உயர்வு நின்றது. நாங்கள் வாய் திறக்கவில்லை. இன்று, காலம் கடந்து, திறக்கிறோம்.

ஆலைக் கிணறுகள் மூடப்பட்டதும், மேற்குச் சுவர் நிலைத்ததும் தாங்கள் சலிக்காமல் எழுதிய மனுக்களால்தான். கல்லின் கறுப்பு மட்டும் போகவில்லை. போகும் என்று சொல்லவும் எங்களுக்குத் துணிவில்லை.

நோயற்று, நிம்மதியாய், நெடுநாள் வாழ்க! இம்மடலுக்குக் கண்ணாடிச் சட்டமிட்டவர் அதே பெயின்டர்தான்.

ஒரு செய்தி: இம்மாதம் வடக்குச் சுவரில் தாங்கள் ஒட்டிய ஒரு கண்ணாடித் துண்டு உடைந்திருந்தது. யாரும் தொடவில்லை. பதிவேட்டில் எழுதி, அனைவரும் கையெழுத்திட்டோம்.

இங்ஙனம்,
அதே கைகளால் இங்கும் கையெழுத்திடும்
பராமரிப்பு அலுவலகத்தார்