உபதேசியாருக்கு வழி சொன்ன குரல்

இது இப்படித்தான் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன்! வணக்கத்தைப் பிறகு வைத்துக்கொள்கிறேன், முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். ஈய விலை விழும் என்றேன்; விழுந்தது. ஈயம் தோண்டும் லம்பங்களை மூடுவார்கள் என்றேன்; மூடினார்கள். இந்த ஜெப மண்டபத்துக் கதவில் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் ஒட்டுவார்கள் என்றேன். வெளியே போய்த் தொட்டுப் பாருங்கள், பசை காய்ந்து கல்லாக ஒட்டியிருக்கிறது. "இந்த மனுஷரைக் கர்த்தர் கூப்பிடும்போது வீட்டில் இருக்க மாட்டார், சைக்கிளும் கையுமாக ரோட்டில்தான் இருப்பார்" என்றும் சொன்னேன். யார் கேட்டீர்கள்? பத்துமலை வாயைத் திறந்தால் கதை என்று சிரித்தீர்கள். போன செவ்வாய்க்கிழமை, வேலை போன ஒரு லம்பத் தொழிலாளியைப் பார்க்கப் புந்தோங் பக்கம் போன நம் உபதேசியார் வேதமாணிக்கம் அவர்கள், நெஞ்சு வலிக்கிறது என்று சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு ரோட்டோரம் உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவில்லை.

மேடையில் இருக்கும் போதகர் ஐயா அவர்களே! தலைமை ஏற்றிருக்கும் சபை மூப்பர் ராமையா அண்ணன் அவர்களே! கணவரை அடக்கம் செய்துவிட்டு முன்வரிசையில் வந்து அமர்ந்திருக்கும் நவமணி அக்கா அவர்களே! உள்ளே இடமில்லாமல் லம்பத்து மணலில் ஜன்னலோரம் நிற்கும் என் சனங்களே! எல்லாருக்கும் என் தாழ்மையான வணக்கம். தாழ்மை என்னிடம் கிடையாது என்று உங்களுக்குத் தெரியும். இன்றைக்கு மட்டும் உபதேசியாரிடம் இரவல் வாங்கியிருக்கிறேன்.

நான் மூன்றாம் வகுப்பு வரை படித்தவன். நாலாம் வகுப்புக்குத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வரவில்லை, ஆகவே நானும் போகவில்லை. ஆனாலும் இந்த மேடையில் பேச என்னைவிடத் தகுதி யாருக்கு உண்டு? பீடோருக்குப் பக்கத்தில் பத்தாம் கட்டை ரப்பர்த் தோட்டத்தில் அவரும் நானும் பக்கத்துப் பக்கத்து நிரையில் பால் வெட்டியவர்கள். காலையில் அவர் எங்களைப் போல ஒரு பால்வெட்டி. மதியம் குளித்து வெள்ளைச் சட்டை போட்டுவிட்டால் உபதேசியார்! எனக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது, பத்துமலை என்பது முருகன் கோயில் பெயர், மாற்ற வேண்டும் என்று சிலர் சொன்னார்கள். அவர் என்ன சொன்னார் தெரியுமா?

"விடுங்க. பத்துமலைன்னு கூப்பிட்டுத்தான் கர்த்தர் இவனப் புடிச்சிருக்காரு. பேர மாத்துனா மறுபடியும் ஓடிருவான் லா."

அப்படிப்பட்ட மனிதர்!

அவருடைய தைரியத்தைச் சொல்லவா? ஒருநாள் விடிகாலை, ஆற்றுக்கு அக்கரையில் ஒரு சாவு வீடு. ஜெபம் செய்யப் போகிறார், நானும் கூடப் போகிறேன். பால்மரங்களுக்கு நடுவே புலி நிற்கிறது. எருமைக்கடா உயரம்! நான் மரத்தில் ஏறிவிட்டேன். ஓடவில்லை, ஏறினேன், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். அவர் ஏறினாரா? புலியைப் பார்த்து, "தம்பி, ஒரு வீட்டுல சாவு. வழிய விடு" என்றார். புலி வழியை விட்டது. அந்தச் சாவு வீட்டுக்காரர் காளி கோயில் பூசாரி என்பதையும் சொல்லிவிடுகிறேன். நம் சபையா, அடுத்த கோயிலா என்று அவர் என்றைக்குப் பார்த்தார்?

ஈப்போவுக்கு வந்த பிறகும் அப்படித்தான். வாரம் தவறாமல் தஞ்சோங் ரம்புத்தான் மனநோய் ஆஸ்பத்திரிக்குப் போவார். யாரும் தேடி வராத நோயாளிகளுக்குப் பீசாங் கோரெங், அதுதான் பொரித்த வாழைப்பழம், வாங்கிக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். அங்கே பெரியவர் ஒருவர், எப்போதோ தோட்டத்தில் இருந்தவர், ஒவ்வொரு வாரமும் ஒரே கேள்வியைக் கேட்பார்: "ஐயா, எங்க வீட்டுக்கு எந்த பஸ் போவுது?" நானாக இருந்தால் ஏதாவது ஒரு பஸ்ஸைச் சொல்லி அவரைச் சந்தோஷப்படுத்தியிருப்பேன். உபதேசியார், "தெரியலங்கய்யா. வார வரைக்கும் நானும் இங்க ஒக்காந்திருக்கேன்" என்பார். இது என்ன பதில் என்று நான் அவரைக் கேலி செய்திருக்கிறேன். இப்போது அந்தப் பெரியவர் யாரிடம் கேட்பார்?

சபையாரே! நாமும் அதே கேள்வியோடுதான் உட்கார்ந்திருக்கிறோம். மாதக் கடைசிக்குள் இந்த மண்டபத்தையும் சுற்றியுள்ள நம் பலகை வீடுகளையும் காலி செய்ய வேண்டும். எல்லாரும் சேர்ந்து ஓரிடம் போவதா? கோலாலம்பூர், கிள்ளான் என்று அவரவர் பிள்ளைகள் இருக்கும் பக்கம் பிரிவதா? நாளை ஆராதனை முடிந்ததும் முடிவெடுக்க வேண்டும். ராமையா அண்ணன் தெளிவாகச் சொல்லிவிட்டார்: "உபதேசியாருக்குக் கேட்ட மாதிரி ஒரு கொரல் நமக்கும் கேக்கணும். கேட்டா சேந்து போவோம். கேக்கலன்னா கலைஞ்சு போவோம்."

எந்தக் குரல்? இங்கே இருக்கும் இளவட்டங்களுக்காக மறுபடியும் சொல்கிறேன்.

எழுபத்து மூன்றாம் வருஷம் பத்தாம் கட்டைத் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள். நடக்கும் என்று நான் முன்பே சொல்லியிருந்தேன். நாங்கள் குடியிருந்த லயத்தை இடிக்க ஆள் வந்துவிட்டது. பாதிப் பேர் கையில் குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு ஐ.சி.; வேறு இடத்தில் வேலை கொடுப்பார்களா என்று தெரியாது. சட்டி பானைகளோடு லாரிகளில் ஏறினோம். பீடோர் முச்சந்தியில் முன் லாரி நின்றது. லாரிக்காரச் சீனர் தலையை வெளியே நீட்டி, ஈப்போவா கோலாலம்பூரா, எந்தப் பக்கம் என்று மலாயில் கேட்டார்.

"மானா? ஈப்போ கா, கே.எல். கா?"

எல்லாரும் உபதேசியாரைப் பார்த்தோம். அவர் இறங்கினார். கொதிக்கிற தார் ரோட்டில், பட்டப்பகலில், முழங்கால் போட்டார். நான் பக்கத்தில் நின்றேன். வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை. திடீரென்று இடி! இடிக்குள்ளிருந்து ஒரு குரல், சுத்தமான தமிழில்: "வேதமாணிக்கம், வடக்கே போ!" எஞ்சின் சத்தத்தில் லாரியில் இருந்தவர்களுக்குக் கேட்கவில்லை. ஆனால் அந்தச் சீனருக்குக் கேட்டது! ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கைகூப்பினார்! அந்தக் குரலை நம்பித்தான் வடக்கே வந்தோம். இந்த மணலில் கம்பு நட்டோம், பலகை அடித்தோம், தகரம் போட்டோம், சபையானோம்.

இதை எத்தனை வீட்டில் சொல்லியிருக்கிறேன்! தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கும் மண்டோராக இருந்த அர்ச்சுனன் மட்டும் கிண்டல் செய்தான். "கொரல் கேக்குதாமா? தஞ்சோங் ரம்புத்தான்ல நெறைய பேருக்குக் கேக்குது லா. ஒனக்கும் ஒரு பெட் போட்டு வைக்கச் சொல்லவா பத்துமலை?" என்றான். நான் விட்டேனா? இடியை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினேன்.

நவமணி அக்கா, என்னை அப்படிப் பார்க்காதீர்கள். இன்னும் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

பின்வரிசையில் தூணில் சாய்ந்திருக்கிறாரே, கருப்பம்மாள். பத்தாம் கட்டையிலிருந்து நம்மோடு வந்தவர். நோட்டீஸ் ஒட்டிய நாள் முதல் உபவாசம் இருக்கிறார். குரல் கேட்கும்வரை சாப்பிட மாட்டாராம். மகன் ராஜு, லாரிப் பட்டறையில் மெக்கானிக்காக இருப்பவன், கஞ்சிக் கிண்ணத்தோடு பின்னாலேயே நடக்கிறான். நேற்றுத் தண்ணீர்க் குழாயடியில் மயங்கி விழுந்துவிட்டார். நானும் நவமணி அக்காவும்தான் தூக்கி உட்கார வைத்தோம். கண்ணைத் திறந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு என்ன கேட்டார் தெரியுமா?

"அண்ணே, உபதேசியாருக்கு அவ்ளோ தெளிவா கேட்டுச்சே. எனக்கு ஏன் கேக்கல? கர்த்தர் மூஞ்சத் திருப்பிக்கிற அளவுக்கு நான் என்னா பாவம் செஞ்சேன்?"

நான் என்ன பதில் சொல்லியிருப்பேன்? பேச்சுக்குப் பஞ்சமா எனக்கு? "இன்னும் கொஞ்சம் பொறும்மா, வரும்" என்று சொல்ல வாயெடுத்தேன். நவமணி அக்கா இப்போது பார்க்கிறாரே, அதே பார்வை பார்த்தார். வாய் வரவில்லை. எனக்கு, சபையாரே! எனக்கு வாய் வரவில்லை!

ஆகவே இப்போது சொல்கிறேன். பெட்டிக்குள் போனவர் எழுந்து வந்து என்னைத் திருத்த முடியாது. இருந்தபோது திருத்திப் பார்த்தார். "பத்துமலை, கர்த்தரு பேசாதத பேசுனாருன்னு சொல்லாத. பயமா இருக்கு" என்று என்னிடம் தனியாகச் சொன்னார். பிரசங்கத்திலேயே, "எனக்கு எந்தக் குரலும் கேட்கவில்லை" என்றார். நீங்கள் எல்லாரும் கேட்டீர்கள். நான் என்ன செய்தேன்? வாசலில் நின்றுகொண்டு, "பாருங்கள், என்ன தாழ்மை!" என்றேன். அவர் மறுக்க மறுக்க நீங்கள் நம்பினீர்கள்.

அந்த முச்சந்தியில் அவர் முழங்கால் போட்டது உண்மை. தார் கொதித்தது உண்மை. நான் பக்கத்தில் நின்றதும் உண்மை. என் காதில் விழுந்தது அவருடைய குரல் ஒன்றுதான். "ஆண்டவரே, எனக்கு வழி தெரியல. இந்தச் சனங்கள விட்டு மட்டும் என்னயப் பிரிச்சிடாதேயும்" என்றார். அவ்வளவுதான் ஜெபம். பின்னால் வந்த பஸ்காரன் ஹாரன் அடித்தான். எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டார்.

"கேட்டுச்சா?" என்றேன்.

"இல்ல."

"அப்ப எந்தப் பக்கம்?"

"தெரியல பத்துமலை."

"ஐயோ, அத இவங்ககிட்ட சொல்லிடாதீங்க! கீழ எறங்கி ஒதைப்பாங்க!"

"தெரியாதத தெரியும்னு எப்படிச் சொல்றது?"

நேராக லாரிக்குப் பின்னால் போனார். படுதாவைத் தூக்கினார். "யாருக்கும்மா ரொம்ப முடியல?" என்று கேட்டார். வழி கேட்கவில்லை, இதைத்தான் கேட்டார்! உள்ளேயிருந்து ஒரு பெண், சாக்கு மூட்டைகளுக்கு நடுவே பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, அழுதபடி பதில் சொன்னாள்.

"எம் புள்ளைக்குத்தான் உபதேசியாரே. ஒடம்பு கொதிக்குது. தாப்பா ஆஸ்பத்திரில காட்டுனேன். ஈப்போ பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போவச் சொன்னாங்க."

"சரி. அப்ப எல்லாரும் ஈப்போவுக்கே போவோம்."

முன்னால் வந்து ஏறிக்கொண்டார். எனக்குப் பொறுக்கவில்லை. "இத்தன குடும்பத்தையும் வடக்க திருப்புறீங்களே, கர்த்தரா சொன்னாரு?" என்று கேட்டேன்.

"கருப்பம்மா சொல்லுச்சு. போதும் லா" என்றார்.

கருப்பம்மா! தங்கச்சி! கேட்கிறதா? நீ காத்துக்கொண்டிருக்கிறாயே ஒரு குரல், அது வானத்திலிருந்து வரவில்லை. படுதாவுக்குள்ளிருந்து வந்தது. அது உன் குரல். கர்த்தர் உன்னிடம் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டாரா? இல்லையம்மா! அன்றைக்கு இந்தச் சபை முழுவதும் உன் பேச்சைக் கேட்டுத்தான் நடந்தது. நீதான் மறந்துபோனாய், நான் மறக்க வைத்தேன். மடியில் கொதித்துக்கொண்டிருந்த அந்தப் பிள்ளை இதோ, கையில் கஞ்சியோடு உன் பக்கத்தில் நிற்கிறான். வாங்கிக் குடி. கர்த்தர் கோபித்துக்கொண்டால் பத்துமலை குடிக்கச் சொன்னான் என்று சொல். அவருக்கு என்னைத் தெரியும்.

ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்பீர்கள். இந்த மணலில் வந்து இறங்கியபோது பார்த்தீர்கள்தானே? தண்ணீர் இல்லை, வேலை இல்லை. பாதிப் பேர் திரும்பிப் போகிறேன் என்று மூட்டையைக் கட்டினார்கள். "தெரியல" என்ற ஒரு வார்த்தையை நம்பி எவன் இங்கே இருப்பான் என்று நினைத்தேன். நான் இடியைச் சேர்த்தேன். ஆனால் என் இடியா உங்களை இங்கே நிறுத்தியது? வீடு வீடாகச் சைக்கிளில் வந்தாரே ஒரு மனிதர், அவர் அல்லவா நிறுத்தினார்!

ராமையா அண்ணே, எழுந்திருக்க வேண்டாம், முடித்துவிடுகிறேன். நாளை ஆராதனை முடிந்ததும் நாம் குரலுக்காகக் காத்திருக்கப் போவதில்லை. உபதேசியார் கேட்ட கேள்வியைக் கேட்போம்: யாருக்கு ரொம்ப முடியவில்லை? அவர்கள் எந்தப் பக்கம் போக வேண்டுமோ, அந்தப் பக்கம் எல்லாரும் சேர்ந்து போவோம். அங்கே நமக்கு இடம் இருக்குமா? வேலை இருக்குமா? மறுபடியும் ஒரு தகரக் கூரை கிடைக்குமா? எனக்குத் தெரியாது! இந்த வார்த்தை என் வாயிலிருந்து வருவதை இன்றைக்குத்தான் கேட்கிறீர்கள். எனக்கும் புதிதாகத்தான் இருக்கிறது. அவர் சைக்கிளைத் துடைத்து வைத்திருக்கிறேன். வருகிற வாரம் தஞ்சோங் ரம்புத்தானுக்கு நான் போகிறேன். அந்தப் பெரியவர் எந்த பஸ் என்று கேட்டால், எந்த பஸ்ஸின் பெயரையும் சொல்ல மாட்டேன், பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். உபதேசியார் வேதமாணிக்கத்தின் சவப்பெட்டியைத் தூக்கிய இந்தத் தோளின்மேல் சத்தியம்!

நவமணி அக்கா, இப்போது சரியா?

சபையாரே, பீடோர் முச்சந்தியில் இடி இடிக்கவில்லை. குரல் கேட்கவில்லை. அந்த ஒன்று மட்டும் நான் கட்டிச் சொன்னது.

புலி வந்தது உண்மை.