நிக்கோலா சாமி நாள் விருந்தாளி

கழட்டாத தம்பி, கழட்டாத. பூட்ஸோடயே வா. தரை அழுக்கானா நான் தொடச்சுக்கறேன். வாசல்ல நின்னு பனிய உதறு. அப்படி இல்ல, தரை அதிர மிதி. இன்னும் கொஞ்சம். ம், போதும். வாங்க வாங்க, உள்ள வாங்க, இந்தப் பனியிலயும் வந்துட்டீங்களே.

உன்னத்தான் சொன்னேன். நான் திடீர்னு சத்தமாப் பேசினா பயந்துடாத. அந்த நாற்காலில உக்காரு, அடுப்புக்குப் பக்கத்துல. உன் ரொட்டி வண்டி எங்கயும் போயிடாது, அதான் பாதி சக்கரம் பள்ளத்துல கிடக்கே. பனி தள்ற வண்டிக்காரன் கீழ் ரோட்ட முடிச்சுட்டுத்தான் மேல வருவான். அதுவரைக்கும் அங்க உக்காந்து வெறைக்கறதுக்கு இங்க உக்காரலாம்ல.

மொதல்ல சாமிக்கு அவிச்ச இந்தக் கோதும. ஒரு கரண்டி எடுத்துக்க. சிலுவ போட்டுட்டு எடு. ஆமா, இன்னிக்கு எங்க வீட்டு ஸ்லாவா, குலசாமி நாள். நிக்கோலா சாமி. உங்க வீட்ல எந்தச் சாமி? ஜார்ஜா? கொடுத்து வச்சவங்கப்பா, மே மாசத்துல வர்ற சாமி. ஆட்டுக்குட்டியும் உண்டு, வெயிலும் உண்டு. எங்க சாமி விரதத்துல வருவாரு, பனியில வருவாரு. மீனும் மொச்சையும்தான். சூடா ஒரு சாராயம் இல்லேன்னா எங்க சாமிய யாரு தேடி வருவா.

கையில இருக்கற சாராயம் ஆறலையா இன்னும்? ஆறட்டும், ஆறட்டும். மெதுவாவே குடி. நான் முன்னாடியே ஒரு வாய் குடிச்சிட்டேன், நீ பாத்தேல்ல? பாக்கலையா? இதோ பாரு. இன்னொரு வாய். பாத்துக்க.

பக்குவம் ஒண்ணும் பெருசா இல்ல தம்பி. சக்கரையக் கருக்கணும். நிறம் மாறினதும் பதறிப் போய் இறக்கிடக் கூடாது, நல்லா செவந்து வாசன கிளம்பற வரைக்கும் விடணும். அப்புறம் தண்ணியும் பிளம்ஸ் சாராயமும் ஊத்தினா ஒரு சீறு சீறும் பாரு. ரெண்டு மிளகு. மூடி வச்சிடணும். என் மக வியன்னாவுல இருக்கா, அங்க கடத்தெருவுல நின்னு ஒயின்ல கிராம்பும் ஆரஞ்சுத் தோலும் போட்டுக் குடிக்கறாங்களாம், காகிதக் கப்புல. நின்னுக்கிட்டே. யாரு வீட்டுக்கும் போகாம. அது என்ன குடியோ.

வரலடா, அவ வரல. பனின்னு சொன்னா. பனிதான் எல்லாருக்கும் கெடச்சிருக்கு.

இல்ல, மேசை பெருசுதான். இருபது பேர் உக்காருவாங்க. தட்டெல்லாம் காலைலயே வச்சேன், ஒண்ணுலயும் கை படல. சாமியார் வந்தாரு, ரொட்டிய வெட்டினாரு, மந்திரம் சொன்னாரு. ஒரு கிளாஸ் ஊத்தி நீட்டினா, தொண்ட சரியில்லன்னாரு. தொண்டைக்குத்தான சாமி இது நல்லதுன்னேன். டாக்டர் வேணாம்னுட்டாராம். கதவு வரைக்கும் ஓடாத கொறையா நடந்தாரு.

சத்தமாச் சொல்லு தம்பி, இத எனக்காக. ஸ்லாவா நல்லபடியா நடக்கட்டும் வீட்டுக்காரரேன்னு சொல்லு. அந்தச் செவுத்தப் பாத்துச் சொல்லு. ம். நல்ல குரல் உனக்கு.

என் வீட்டுக்காரர் வித்தோமிர் அந்தப் பக்கம் படுத்திருக்காரு. தூங்கல. காலைலேர்ந்து வாசல் பக்கமே காத வச்சுக்கிட்டுக் கிடக்காரு. ரெண்டு மூணு நாளா ஒண்ணும் சாப்பிடல. சூப்ப கொண்டு போனா வாய மூடிக்கிறாரு, சின்னப் புள்ள மாதிரி. நேத்து என்ன சொன்னாரு தெரியுமா? கொசாரா, நாளைக்கு மெழுகுவத்திய அணைக்கறதுக்குள்ள ஒரு ஆளாவது வந்து நம்ம கையால குடிச்சாத்தான் எனக்குச் சோறு. இல்லேன்னா மெழுகுவத்தியோட என்னையும் விட்டுடுன்னாரு. அவரு சும்மா சொல்ற ஆள் இல்ல. நாப்பது வருஷமா கூட இருக்கேன்.

அதோ பாரு மெழுகுவத்தி. எவ்வளவு இருக்கு? கால்வாசிகூட இருக்காது.

எப்படிப்பா கூப்பிடறது? கல்யாணம்னா கூப்பிடலாம். ஸ்லாவாவுக்கு யாராவது கூப்பிடுவாங்களா? உங்க வீட்ல கூப்பிடுவீங்களா? கூப்பிட்டா, நீ வேத்தாளுன்னு மூஞ்சில சொல்ற மாதிரி. தெரிஞ்சவங்க தானா வரணும். ஆனாலும் நான் போனேன். மானத்த விட்டுட்டுப் போனேன். எதிர் வீட்டு ஸ்தானா இருக்காளே, அவ கேட்டுக்கிட்ட போய் நின்னேன். சல்லடை வேணும்னு கேட்டேன். எங்கிட்டயே மூணு சல்லடை தொங்குது. அவ கொடுத்தா. என் மூஞ்சியப் பாக்கல. ஸ்தானா, நாளைக்குன்னு ஆரம்பிச்சேன். கதவச் சாத்திட்டா. அவ மேல எனக்குக் கோவம் இல்ல. அவ சிம்னிலேர்ந்து பொக வருது பாரு, அவளும் எதையோ சூடு பண்ணிக் குடிக்கறா. தனியா.

வரேங்க, வரேன். விருந்தாளிக்கு மீன் வச்சுட்டு வரேன். யாரா? நம்ம ஊரு ஆளு இல்லங்க, கிராகுயெவாட்ஸ் டவுன்காரரு. ஆமா, குடிக்கறாரு. நல்லாருக்குன்னாரு.

நல்லாருக்குன்னு நீ சொல்லல. நானே சொல்லிட்டேன்.

கிளாஸ ஏன் தம்பி தள்ளி வைக்கற? வண்டிதான் நகராதே. பாதிக்கு மேல தண்ணி அதுல. போலீஸ்காரன் இந்தப் பனியில எங்கேர்ந்து வரப்போறான். யாராவது ஏதாவது சொன்னாங்களா உங்கிட்ட? கீழ் கடையில? நான் வந்து வண்டிக் கண்ணாடியத் தட்டினப்பவே நீ என்ன ஒரு மாதிரியாத்தான் பாத்த. மேல இருக்கற பச்சைக் கதவு வீட்ல எதுவும் வாங்கிக் குடிச்சிடாதன்னு சொல்லியிருப்பாங்க. சொன்னாங்கல்ல.

சரி. பொய்யில்ல அது.

போன வருஷம் பிளம்ஸ் காய்க்கல. பூவுலயே கருகிடுச்சு. சாயங்காலத்துக்கு முன்னாடியே சாராயம் தீந்துபோச்சு, வீடு நெறைய ஆளு. ஸ்லாவா அன்னிக்கு வீட்டுக்காரன் காலிப் பானையக் கவுத்துக் காட்ட முடியுமா? சந்தையில ஒருத்தன் கேன்ல வித்த சாராயத்த அவரு எப்பவோ வாங்கி வச்சிருந்திருக்காரு. அத எடுத்து ஊத்திட்டாரு. வாசன ஒரு மாதிரி இருக்கேன்னு கேட்டேன். கொதிக்கறதுல கெட்டதெல்லாம் ஆவியாப் போயிடும்டின்னாரு. சக்கரையும் கூடுதலாக் கருக்கினாரு. சூட்டுல, அந்த இனிப்புல, யாருக்கு என்ன தெரியும்? அது கொதிக்கறதுக்குள்ள மத்தவங்கள்லாம் கெளம்பிட்டாங்க. கடைசிப் பானைய அவரும் ஸ்வெதோசாரும் மட்டும்தான் குடிச்சாங்க. ஸ்தானாவோட புருஷன். எங்க கல்யாணத்துல சாட்சியா நின்ன மனுஷன். நீ உக்காந்திருக்கியே, அந்த நாற்காலிலதான்.

எந்திரிக்காத தம்பி. உக்காரு. கேக்கும் அவருக்கு.

ஸ்வெதோசார் போயிட்டாரு. இவருக்குக் கண்ணு போச்சு. கோர்ட்டு விசாரிச்சு விட்டுடுச்சு, ஊரு விடல. விடவும் வேணாம். நான் என்ன கேக்கறேன்? இது என் தம்பி வீட்டுச் சரக்கு, மலைக்கு அந்தப் பக்கம், அவன் தோட்டத்துப் பிளம்ஸ். காலைலேர்ந்து நான் ஒருத்திதான் குடிச்சுக்கிட்டிருக்கேன், உயிரோடதான இருக்கேன்? இந்தா, கண்ணு தெரியுது. உன் மீசையில பனி உருகுது பாரு.

முடியலையா? சரி விடு. உன்னைச் சொல்லிக் குத்தமில்ல. நானா இருந்தாலும் குடிக்க மாட்டேன்.

அப்போ ஒண்ணு செய். நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கறேன். ஜன்னலோரமா ஜெரேனியம் பூந்தொட்டி இருக்கு, அதுல மெதுவா ஊத்திடு. சத்தமில்லாம. அதுக்கப்புறம் கிளாஸ மேசையில வை. நல்லா ஓங்கி வை தம்பி. நெறஞ்ச கிளாஸ வச்சா எப்படிக் கேக்கும், காலிக் கிளாஸ வச்சா எப்படிக் கேக்கும்னு அவருக்குத் தெரியும்.

அவருக்கு வச்ச சூப்பு இங்க சூடாத்தான் இருக்கு. ம், வை.