பூனை துபாய் போகவில்லை

“நீ பொய் சொன்னே உம்மா! பூனை துபாய் போவல, செத்துப்போச்சு. மாமி சொல்லிட்டாங்க.”

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் ஒரு சிறுமி தாயிடம் கத்தினாள்.

“நீ அழுவேன்னுதான்டி அப்படிச் சொன்னேன்.”

“அப்ப வாப்பாவும் செத்துட்டாங்களா? அவுங்களும் துபாய்க்குத்தானே போனாங்க?”

பிள்ளையிடம் சொல்கிற பொய்யா இது? தாய் பதறிப்போய் துபாயிலிருக்கும் கணவருக்கு வீடியோ கால் போட்டாள். விஷயத்தைக் கேட்டு அவர் சிரித்தார்.

“செத்தவன் பரோட்டா திம்பானா கண்ணு? இங்க பாரு, தின்னுட்டிருக்கேன்.”

சிறுமியும் சிரித்துவிட்டாள். போனை வைத்ததும் கேட்டாள்.

“பூனைய எங்க புதைச்சே?”

“நம்ம கொய்யா மரத்தடியில. வீட்டுக்குப் போனதும் காட்டுறேன்.”

“இனிமே பொய் சொல்வியா? பஸ்ல எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லு உம்மா!”