சுண்ணாம்பு வளையமிட்ட பனைகள்

என் பெயர் பாண்டிமீனா, வயது 24, தகப்பனார் பெயர் சோணைமுத்து. உசிலம்பட்டியை அடுத்த கிராமத்தில் கிழக்குத் தெருவில் பெற்றோருடன் குடியிருக்கிறேன். அப்பா விவசாயக் கூலி. எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போனது நான் மட்டும்தான். ஆரப்பாளையத்தில் ஆர்க்கிடெக்ட் சூர்யபிரகாஷ் அலுவலகத்தில் வரைபடம் போடும் வேலை பார்க்கிறேன்.

இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் கட்டவிருக்கும் ஒரு சொகுசு விடுதிக்கு எங்கள் அலுவலகம் வரைபடம் தயாரித்தது. மணல்மேட்டைக் கரைக்காமல், பனைகளுக்கு இடையிலேயே, பனை உயரத்தைத் தாண்டாமல் அறைகள் அமைய வேண்டும் என்று சார் சொன்னபடி வரைந்தேன். விடுதி மேனேஜர் செல்வக்குமார் அதைப் பார்த்துவிட்டு, முன்வரிசைப் பனைகள் கடலை மறைக்கின்றன என்றும், மரத்தைப் பார்க்கவா ஆட்கள் வருவார்கள் என்றும் கேட்டார். பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும், அதைத் தான் கேட்கப் போவதில்லை என்று சார் சொல்லிவிட்டார்.

அதன் பிறகு சென்ற மாதம் சார், செல்வக்குமார், நான் மூவரும் அந்த இடத்துக்குப் போனோம். கட்டட ஆட்கள் தொடக்கூடாத மரங்களுக்கு அடையாளம் வேண்டும் என்று சார் சொன்னதால், முன்வரிசைப் பனைகளில் நான் சுண்ணாம்பு வளையம் போட்டேன். திரும்பும்போது காரில், "எங்க ஊர்ப் பக்கம் வளையம் போட்டா அது வெட்டப்போற மரம் சார்" என்று தயங்கிச் சொன்னேன். சார் சிரித்து, அடுத்த முறை அழித்துவிட்டுப் போர்டு மாட்டுவோம் என்றார். காரை ஓட்டிய செல்வக்குமார் சிரிக்கவில்லை. கண்ணாடியில் என்னைப் பார்த்து, எந்த ஊர் என்று மட்டும் கேட்டார். சொன்னேன்.

அதன் பிறகு போர்டுகளுடன் நாங்கள் போனபோது முன்வரிசை முழுவதும் வெட்டிக் கிடந்தது. வெட்டியவர்கள் எங்கள் ஊர்ப் பக்கத்து ஆட்கள். மேனேஜர்தான் கூப்பிட்டுவிட்டதாக அவர்களுடைய மேஸ்திரி மருது சொன்னார். "வளையம் போட்ட மரத்தத்தான வெட்டுனோம் தாயி. நம்ம பக்கம் வேற எதுக்குப் போடுவாக?" என்றார். சார் புகார் கொடுத்தார்.

அதன் பிறகு செல்வக்குமார் எனக்குப் போன் செய்து, "பூசுனது உன் கை. வெட்டச் சொன்னதும் நீதான்னு மருது சொல்லுவான். அவனுக்கும் பிள்ளகுட்டி இருக்குல்ல" என்றார். அதிலிருந்து தெரியாத எண்களை நான் எடுப்பதில்லை. பஸ்ஸில் கடைசி சீட்டில்தான் உட்காருகிறேன், பின்னால் யாரும் இருக்கக்கூடாது என்பதற்காக. வீட்டில் எதுவும் சொல்லவில்லை.

இன்று காலை விசாரணைக்காக இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தபோது வாசலில் அவருடைய கார் நின்றது. பின்சீட்டில் என் அப்பா, கார் அழுக்காகிவிடும் என்று செருப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "ஒன் வேலைய நிரந்தரமாக்கப் போறாகளாம்ல, இந்தச் சார்தான் வீட்டுக்கே வந்து கூட்டியாந்தாக" என்று சந்தோஷமாகச் சொன்னார். செல்வக்குமார் என்னிடம், "உள்ள போயி, நாந்தான் தெரியாம வெட்டச் சொல்லிட்டேன்னு சொல்லிட்டு வாம்மா. அப்பா வண்டியிலயே இருக்கட்டும்" என்றார். உள்ளே வந்துவிட்டேன். இதைச் சொல்லும்போது ஜன்னல் வழியாக அந்தக் காரைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். மருதுவின் பெயரைச் சொல்லும்போது காரின் கண்ணாடிகள் மேலே ஏறின.

மரத்தை வெட்டச் சொல்லி நான் யாரிடமும் சொல்லவில்லை. மேற்கண்டதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே, உண்மையாக உள்ளது. பெண் காவலர் போய் என் அப்பாவை உள்ளே கூட்டிவந்து என் பக்கத்தில் உட்காரவைத்த பிறகு கையொப்பமிடுகிறேன். அவருடைய செருப்பு அந்தக் காரிலேயே இருக்கிறது.

(ஒப்பம்) சோ. பாண்டிமீனா