காந்திமதி மேடம் அணைக்காமல் போன விளக்கு

மேடையில் வீற்றிருக்கும் தாளாளர் அவர்களே, முதல்வர் அவர்களே, கோவிலம்பாக்கத்திலிருந்து வந்திருக்கும் மேடத்தின் தம்பி ஜெயகிருஷ்ணன் சார் அவர்களே, தாம்பரத்து நண்பர்களே, மாணவச் செல்வங்களே! இயற்பியல் துறை டேனியலின் வணக்கம்.

முனைவர் காந்திமதி! கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்துக்காகவே வாழ்ந்தவர். அவர் தயாரித்த பொடியை நீல எல்.இ.டி.யின் மேல் பூசினால், அது நீலத்தை முழுதும் விழுங்கிக்கொண்டு கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைத் தரும். அதைக் கையில் பாய்ச்சினால் தோலுக்கு அடியில் ஓடும் ரத்தக்குழாய் கேமராவில் தெரியும். பச்சைக் குழந்தைக்கு ஊசி போட இடம் தேடிக் குத்திக் குத்திப் பார்க்கிறார்களே, அந்தக் கொடுமை ஓய வேண்டும் என்பார். யார் காதில் விழுந்தது? பொடி அரைக்க மேடமும் நானும் இரண்டே பேர்தான்.

பழைய போன் கேமராவில்தான் அந்த ஒளி நன்றாகத் தெரியும். வெள்ளிக்கிழமையானால் பழைய சாமான் விற்கும் பல்லாவரம் சந்தைக்குப் போய்விடுவார். "இன்னாம்மா, பேசவே முடியாத போனை வாங்கிகினு இன்னா பண்ணப் போற?" என்பார் கடைக்காரர். "பேசறதுக்கு யாருப்பா இருக்கா? பாக்கறதுக்குத்தான்" என்பார் மேடம். அன்று நான் சிரித்தேன்.

பொடி சூடேறினால் ஒளி மங்கிவிடும். அதுதான் எங்களைப் பாடாய்ப் படுத்தியது. பலனில்லாத ஆய்வு, அறையைக் காலி செய்யுங்கள் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. அன்று மாலை வீட்டுக்குப் போனவர் மறுநாள் வரவில்லை. மாரடைப்பு.

காரியமெல்லாம் முடிந்து நேற்று அறையைத் திறந்தேன். கண்ணுக்குத் தெரியாத விளக்கல்லவா, அணைத்துவிட்டதாக நினைத்து எரியவிட்டே போய்விடுவோம். அதனால் தொட்டுப் பார்ப்பது எங்கள் வழக்கம். தொட்டேன். சுட்டது! மேடம் கடைசியாகப் பூசிய விளக்கு! அத்தனை நாளும் பூட்டிய அறைக்குள் யாருக்கும் தெரியாமல் எரிந்திருக்கிறது. அளந்து பார்த்தேன். பூசிய அன்று மேடம் நோட்டில் குறித்துவைத்த அதே அளவு! துளியும் மங்கவில்லை! "மேடம், வந்துடுச்சு மேடம்!" என்று கத்திக்கொண்டே திரும்பினேன். நாற்காலிதான் இருந்தது. இதை அவரிடம் சொல்ல முடியவில்லையே! வேறு யாரிடம் போய்ச் சொல்வேன்?

தாளாளர் அவர்களே, படத்துக்கு மாலை போட்டீர்கள், நன்றி. அவர் பணியை நான் தொடர்வேன். தனியாகவாவது தொடர்வேன். பொடி அரைக்க இன்னொரு கை வந்தால் பெரிய துணை. அந்த விளக்கு இப்போதும் எரிந்துகொண்டிருக்கிறது. அறையைக் காலி செய்துதான் ஆக வேண்டுமென்றால், நீங்களே வந்து அணையுங்கள். என் கையால் அணைக்க மாட்டேன்.