ஆவுடை கைப்பிடி

கேட்டுக்கிடுங்க. கொம்பங்குளத்துக்கு ரோடு வராத காலம், நம்ம பாட்டனுக்கும் பூட்டன் காலம்னு வையுங்க. அங்க ஆவுடைத்தாய்னு ஒருத்தி இருந்தாளாம். பொறந்தது நெடுவிளை, வாக்கப்பட்டது கொம்பங்குளம். புருசன் பூலுடையானுக்கு முப்பது ஆடு.

முப்பிடாதியம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு நெடுவிளைக்காரங்கதான் விருந்தாளி. ஒரு சித்திரையில கறிச்சோறு போட்டாக. கறியா அது? கயிறு மாதிரி இழுத்துச்சாம். "தோலையும் சேத்து ஆக்கிட்டீகளோ?"ன்னு சிரிச்சாகளாம். ஆவுடையோட அப்பன் ஐயம்பெருமாள் மட்டும் சிரிக்கல. மென்னாரு, மென்னாரு, முடியல. மக மொகம் வாடிரக் கூடாதேன்னு துண்டு துண்டா எடுத்து மடியில ஒளிச்சாராம். அதை அவ பாத்துட்டா. அடுப்புப் பொகைன்னு சொல்லிக் கண்ணத் தொடச்சுக்கிட்டாளாம்.

மறுவருசம் மாசி பொறந்துச்சு. காடு காஞ்சு கெடக்கு. ஒரு வாய்ப் புல்லுக்கு ஆடு ஊரெல்லாம் நடக்குது. கொடைக்கு நேந்த ரெண்டு கிடா முதுகையும் தடவிப் பாத்தா. எலும்புதான் தட்டுப்படுது.

"இந்த அலைச்சலும் பட்டினியும்தான் கறியில ஏறுது"ன்னாளாம்.

"அப்ப கட்டிப்போட்டுத் தீனி போடு"ன்னான் பூலுடையான்.

"கட்டிப்போட்டா கொழுப்புல்லா வைக்கும்? மேஞ்ச ஆட்டுக் கறி மணம் போயிரும். பகல்ல மேயட்டும், அந்திக்கு நான் போடுதேன்."

போட்டா. ஆசையில சோளத்த மொறத்தோட வச்சுட்டா. ஒரு கிடாய்க்கு வயிறு ஊதிப் படுத்துருச்சு. ஓமத்தண்ணி ஊத்துனா, வயித்த நீவுனா, நீவுனா, நீவிக்கிட்டே இருந்தா. அது எந்திரிச்சு நின்ன பெறகுதான் அவளுக்கு மூச்சு வந்துச்சாம்.

பெறகு அளவு கண்டா. ஊறவச்ச சோளம் ஒரு கைப்பிடி, வேலமரத்துல காஞ்சு விழுத நெத்து ரெண்டு கைப்பிடி. நாள் தவறாம அதேதான்.

கொடையும் வந்துச்சு. ஐயம்பெருமாளுக்கு அதுக்குள்ள இருந்த பல்லும் போயிருச்சு. எல போட்டாக. ஆவுடை கரண்டியோட பக்கத்துலயே நிக்கா. ஒரு துண்ட வாயில வச்சாரு. ஈறாலயே அமுக்குனாரு. கண்ண மூடுனாரு.

"ஏளா ஆவுடை!"

"என்னப்பா?"

"இன்னும் நாலு துண்டு வையி."

அந்தப் பந்தி முழுக்க எலும்ப உறிஞ்சுத சத்தந்தானாம். அன்னைக்கு அவளுக்குப் பசியே எடுக்கலைன்னு சொல்லுவாக.

அதுல இருந்துதான் இந்த வழக்கம். மாசி பொறந்தா நேந்த கிடாய்க்கு ஒரு நாளைக்கு ஒரு வீடுன்னு முறை வச்சுச் சோளம் கொண்டு போவாக. ஆவுடை கைப்பிடின்னு அதுக்குப் பேரு. கிடா தின்னு முடியுத மட்டும் பொம்பளைக நின்னு ஊர்க்கதை பேசுவாக. நாளைக்கு எங்க வீட்டு முறை. சோளம் இப்பவே ஊறுது.